ஆட்டம் இலவசம்... வாள் மட்டும் 799 ரூபாய்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என் கடைக்கு வந்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் விளையாட நல்ல கேம் ஏதாவது போட்டுத் தாங்க. காசு கொடுக்காம கிடைக்குமா?"

முன்பெல்லாம், "இன்டர்நெட்டில் இலவசமாக எவ்வளவோ இருக்கிறது, டவுண்லோட் செய்து கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பி விடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. "இலவசம் என்று போட்டிருந்தால் கொஞ்சம் உட்காருங்கள், பேச வேண்டும்" என்கிறேன். இந்த மாற்றத்துக்கு நான் கொடுத்த விலை 43,270 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கம்ப்யூட்டரே வாங்கியிருக்கலாம்!

திண்டுக்கல்லில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வைரஸ் எது, போலி மெயில் எது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்பவன். அப்படிப்பட்ட நானே எப்படி விழுந்தேன் என்பதைச் சொன்னால், இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு உதவும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

தொடக்கம் 29 ரூபாய்

2023 தீபாவளி விடுமுறையில் அக்கா மகன் வந்திருந்தான். பாலிடெக்னிக்கில் படிப்பவன். என் கம்ப்யூட்டரில் ஓர் ஆன்லைன் கேமை இன்ஸ்டால் செய்து, "மாமா, சும்மா ஒரு அரை மணி நேரம் விளையாடிப் பாருங்க" என்றான். வாளும் மந்திரமும் கொண்டு பூதங்களை வேட்டையாடும் விளையாட்டு. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்த உலகில் இருப்பார்கள். டவுண்லோட் இலவசம், அக்கவுண்ட் இலவசம், எத்தனை மணி நேரம் ஆடினாலும் இலவசம்.

உண்மையிலேயே நன்றாக இருந்தது. கடையை அடைத்துவிட்டு வந்து இரவு ஒரு மணி நேரம் ஆடுவேன். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கில்டு அமைத்தோம். கில்டு என்றால் சேர்ந்து ஆடும் குழு. சேலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், ஒரு கல்லூரி மாணவி, மலேசியாவில் லாரி ஓட்டும் தமிழர் ஒருவர். அக்கா மகனும் உண்டு. வயதில் மூத்தவன் என்பதால் என்னைத் தலைவர் ஆக்கி விட்டார்கள். முகம் தெரியாதவர்களோடு சிரித்துப் பேசி ஆடிய அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் மகிழ்ச்சிதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆட்டமே மோசம் என்று சொல்ல நான் வரவில்லை. அதன் உள்ளே இருக்கும் கடை பற்றித்தான் பேச்சு.

மூன்றாவது வாரம் திரையில் ஒரு சின்ன விண்டோ வந்தது. "புதியவர்களுக்கு மட்டும், 24 மணி நேரத்திற்கு மட்டும்: ஒரு குதிரை, ஒரு பெரிய பை, 29 ரூபாய்." டீக்கடையில் இரண்டு டீ குடிக்கும் காசு. வாங்கினேன். அந்த 29 ரூபாயில் அவர்களுக்குக் கிடைத்தது 29 ரூபாய் மட்டுமல்ல. என் கார்டு அங்கே பதிவானது. காசு கொடுப்பதில்லை என்று என் மனதில் இருந்த கோடும் அழிந்தது. இரண்டாவது முறை 199. பிறகு 799.

கடை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

இந்த உள்கடையை ஆங்கிலத்தில் கேஷ் ஷாப் என்பார்கள். பெரும்பாலான இலவச ஆன்லைன் கேம்களில் இருக்கிறது. இதன் அமைப்பைப் புரிந்து கொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

முதலாவது, ரூபாய் மறைந்து விடும். எந்தப் பொருளுக்கும் நேரடியாக ரூபாயில் விலை இருக்காது. முதலில் ரூபாய் கொடுத்து வைரமோ நாணயமோ வாங்க வேண்டும். பிறகு அந்த நாணயத்தில் பொருள் வாங்க வேண்டும். 1,350 நாணயம் என்றால் அது எத்தனை ரூபாய் என்று மனம் கணக்குப் போடாது. புதுச் சந்தைக்குப் போய் வேற்று நாட்டு நோட்டில் காய்கறி வாங்குவது போலத்தான்.

இரண்டாவது, சில்லறை மிச்சம். ஓர் உதாரணம் பாருங்கள். உடை 1,350 நாணயம். ஆனால் கடையில் 500 நாணயம் 400 ரூபாய், 1,000 நாணயம் 750 ரூபாய் என்று கட்டுக்கட்டாகத்தான் கிடைக்கும். 1,150 ரூபாய் கொடுத்து 1,500 நாணயம் வாங்கினால் 150 மிஞ்சும். அதை வைத்து எதையும் வாங்க முடியாது, திரும்பப் பணமாக்கவும் முடியாது. கண்டக்டர் தர வேண்டிய பாக்கிச் சில்லறைக்காக இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்க் கொண்டே இருப்பவரைப் போல, அந்த 150 வீணாகக் கூடாதே என்று அடுத்த கட்டு வாங்குவோம்.

மூன்றாவது, கடிகாரம். எல்லாச் சலுகைக்கும் பக்கத்தில் நேரம் ஓடிக் கொண்டிருக்கும். நாளை வரை யோசித்தால் வேண்டாம் என்று தோன்றிவிடும் அல்லவா? அந்த யோசனைக்கு இடம் தராமல் இருக்கத்தான் கடிகாரம்.

நான்காவது, உடைவது. நம் வாளை +7, +8 என்று உயர்த்திக் கொண்டே போகலாம். ஒரு கட்டத்துக்கு மேல் முயற்சி தோற்றால் வாள் உடைந்து விடும். உடையாமல் காக்கும் தாயத்து கடையில் கிடைக்கும். வாரக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த பொருளை இழப்பதை விட 150 ரூபாய் போகட்டும் என்று தோன்றும். புதியதைப் பெறும் ஆசையை விட, கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயம் வலுவானது.

ஐந்தாவதும் முக்கியமானதும், அதிர்ஷ்டப் பெட்டி. என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி. ஜப்பானியர்கள் இதற்கு கச்சா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாணயம் போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் அங்குள்ள இயந்திரத்தின் பெயர் அது. கோயில் திருவிழாவில் வளையம் வீசிய அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும்.

1 சதவீதம் என்றால் என்ன?

பெட்டியில் நல்ல பொருள் வரும் வாய்ப்பு 1 சதவீதம் என்று போட்டிருந்தால், 100 பெட்டி திறந்தால் ஒன்று கட்டாயம் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். தவறு. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி. முந்தைய 99 தோல்விகளை நூறாவது பெட்டி நினைவில் வைத்துக் கொள்வதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து 0.99 என்பதை 100 முறை பெருக்கிப் பாருங்கள். விடை சுமார் 0.366. அதாவது 100 பெட்டி திறப்பவர்களில் ஏறத்தாழ 37 சதவீதம் பேர் வெறுங்கையுடன் திரும்புவார்கள். 200 பெட்டி திறந்தாலும் 13 சதவீதம் பேருக்கு எதுவும் வராது. ஒரு பெட்டி 80 ரூபாய் என்றால் இவர்கள் ஆளுக்கு 16,000 ரூபாய் இழந்தவர்கள். சில கேம்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் திறந்தால் பொருள் நிச்சயம் என்று விதி உண்டு. அந்த எண்ணிக்கையைப் பெட்டியின் விலையால் பெருக்கிப் பார்த்தால்தான் பொருளின் உண்மையான விலை தெரியும்.

இந்தக் கணக்காவது, போட்டிருக்கும் 1 சதவீதம் உண்மை என்று நம்பிப் போடும் கணக்கு. அதுவே பொய்யாக இருந்தால்?

கொரியாவில் நடந்த கியூப் விவகாரம்

தென் கொரியாவில் நெக்ஸான் நிறுவனம் 2003ல் வெளியிட்ட மேப்பிள் ஸ்டோரி உலகப் புகழ் பெற்ற விளையாட்டு. பொம்மை போன்ற உருவங்கள், சிறுவர்களும் விரும்பும் வண்ணங்கள். விளையாட இலவசம். 2010ல் இதன் கடையில் கியூப் என்ற ஒரு பொருள் அறிமுகமானது. இதைப் பயன்படுத்தினால் நம் ஆயுதத்தின் சிறப்புச் சக்திகள் மாறும். என்ன சக்தி வரும் என்பது அதிர்ஷ்டம். நல்லது வரும் வரை கியூப் வாங்கிக் கொண்டே இருக்க வேண்டும். வகையைப் பொறுத்து ஒன்று 1,200 வோன் அல்லது 2,200 வோன். 1,200 வோன் என்பது நம் பணத்தில் சுமார் 75 ரூபாய்.

ஆட்டக்காரர்களுக்கு நெடுநாளாகச் சந்தேகம். எவ்வளவு வாங்கினாலும் சில நல்ல சக்திகள் மூன்றும் சேர்ந்து வரவே மாட்டேன் என்கிறதே! 2021ன் தொடக்கத்தில் கொரிய ஆட்டக்காரர்கள் பணம் திரட்டி, தங்கள் கோரிக்கையை எழுதிய திரை பொருத்திய லாரிகளைக் கேம் நிறுவனங்களின் அலுவலகங்களுக்கு எதிரே நிறுத்திப் போராடினார்கள். அந்த மார்ச் மாதம் கியூபின் வாய்ப்பு விகிதங்கள் வெளியிடப்பட்டன. அப்போதுதான் தெரிந்தது, சில சேர்க்கைகள் வராதபடியே அமைக்கப்பட்டிருந்தன என்பது. வரவே முடியாத ஒன்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காசு போட்டுக் கொண்டிருந்தார்கள்.

2024 ஜனவரியில் கொரிய நியாய வர்த்தக ஆணையம் தன் விசாரணை முடிவை அறிவித்தது. வாய்ப்புகளை ஆட்டக்காரர்களுக்குப் பாதகமாக மாற்றியதும், அதை அவர்களுக்குச் சொல்லாமல் மறைத்ததும் உண்மை என்றது. ஒரு வகைக் கியூபில் உயர் நிலையை அடையும் வாய்ப்பு 1.8 சதவீதத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக 1.4 ஆகி, 2016ல் 1 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஒரே ஆண்டில் 28 கோடி வோன், அதாவது ஒன்றே முக்கால் கோடி ரூபாய் அளவுக்குக் கியூப் வாங்கியவரும் இருந்திருக்கிறார். நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் சுமார் 1,164 கோடி வோன். நம் பணத்தில் எழுபது கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 8 லட்சம் பேருக்கு 2,190 கோடி வோன் அளவுக்கு இழப்பீடு தரும் சமரசமும் ஏற்பட்டது. 2024 மார்ச் முதல் அதிர்ஷ்டப் பொருள்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது கொரியாவில் சட்டப்படி கட்டாயம்.

சாதாரண ஆட்டக்காரர்கள் லாரி பிடித்து வந்து நின்றதால் கிடைத்த நீதி இது.

மற்ற நாடுகளில்

ஜப்பானில், பல பெட்டிகளைத் திறந்து ஒரு முழுத் தொகுப்பைச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற முறை இருந்தது. நான்கு சேர்ந்துவிடும், ஐந்தாவது வராது! அந்த முறை சட்ட விரோதம் என்று 2012ல் நுகர்வோர் விவகாரத் துறை அறிவித்தது. கேம் நிறுவனங்கள் அதைக் கைவிட்டன.

ஐஸ்லாந்து நாட்டின் ஈவ் ஆன்லைன் விண்வெளி விளையாட்டில், மாதக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, 2011 ஜூனில் உள்ளே ஓர் அலங்காரக் கடையையும் திறந்தார்கள். ஒற்றைக் கண்ணாடி ஒன்றின் விலை 60 டாலருக்கும் மேல். உண்மையான கண்ணாடியே அதை விட மலிவு! ஆட்டக்காரர்கள் கொதித்து, விளையாட்டில் கூட்டம் மிகுந்த சந்தை நட்சத்திர மண்டலத்தில் கப்பல்களைக் கொண்டு வந்து நிறுத்தி, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். பலர் சந்தாவை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதே மாதம் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேரைக் குறைத்தது. கோபம் ஆட்டக்காரர்களுக்கு, வேலை போனது ஊழியர்களுக்கு.

பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று 2018ல் கூறியது. அமெரிக்காவில், போர்ட்நைட் விளையாட்டில் குழப்பமான பட்டன்களால் மக்களை வாங்க வைத்ததற்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுக்கென ஒரு சட்டம் நிறைவேறியது. பலர் இதனால் எல்லாம் தடையாகி விட்டது என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் தடை செய்வது பணம் கட்டி, பணம் வெல்லலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் ஆட்டங்களை. வாளும் உடையும் விற்கும் கடையில் பணம் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. எனவே அங்கே உங்களைக் காக்க வேண்டியவர் நீங்கள்தான்.

என் கில்டில் நடந்தது

இனி என் கதைக்கு வருகிறேன். பணம் போனது பாதிக் கதைதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை விளையாட்டில் புதிய பூதங்கள் வரும். பழைய ஆயுதங்களால் அவற்றை வெல்ல முடியாது. காசு கொடுப்பவர் ஒரே நாளில் புதிய ஆயுதத்துக்கு மாறுவார். கொடுக்காதவர் இரண்டு மாதம் உழைக்க வேண்டும். அவர் எட்டிப் பிடிக்கும்போது அடுத்த பூதம் வந்துவிடும். எங்கள் கில்டு இரண்டாகப் பிரிந்தது. மருந்துக்கடைக்காரரும் நானும் மேலே, மற்றவர்கள் கீழே. வேட்டைக்கு எட்டுப் பேருக்குத்தான் இடம். எனவே தலைவன் என்ற முறையில் நான் ஒரு விதி போட்டேன். இத்தனை சக்திப் புள்ளிக்குக் குறைந்தவர்கள் வர வேண்டாம்.

கல்லூரி மாணவி விலகினார். மலேசிய நண்பர், "அண்ணே, இது இப்ப விளையாட்டு மாதிரி இல்லண்ணே" என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. ஒரு நாள் கில்டு சாட்டில் அக்கா மகனைப் பார்த்து, "என்ன மாப்ளே, இன்னும் அந்தத் துருப்பிடிச்ச வாளையா தூக்கிட்டுத் திரியறே?" என்று கிண்டலாக எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டான்.

இரண்டு வாரம் கழித்து இரவு பதினொரு மணிக்கு அவனிடமிருந்து போன். குரல் சரியில்லை. ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் என்று அக்கா அனுப்பியிருந்த 6,200 ரூபாயில் 5,600 ரூபாய்க்குப் பெட்டி திறந்திருக்கிறான். என்னிடம் இருக்கும் சிறகு வேண்டும் என்று. எழுபது பெட்டி. சிறகு வரவில்லை.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிக்கும் பணம் அது. ஒரு ஜாக்கெட்டுக்கு எவ்வளவு கூலி என்று எனக்குத் தெரியும். திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. அவனை வேட்டையிலிருந்து ஒதுக்கிய விதி என்னுடையது. துருப்பிடித்த வாள் என்றவன் நான்.

அன்று இரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் என் போனை வாங்கி, வங்கியிலிருந்து வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினாள். 14 மாதத்தில் 61 முறை. மொத்தம் 43,270 ரூபாய். ஒரு முறைக்குச் சராசரி 709 ரூபாய். "நான் ஐயாயிரம் பத்தாயிரம் இருக்கும்னு நெனச்சேங்க" என்றாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தெரிந்தே கொடுத்த பணம் எவ்வளவு என்று தெரியாமல் இருந்ததுதான் இந்தக் கடையின் வெற்றி.

மறுநாள் கட்டணத்தை நான் கட்டிவிட்டு, அக்காவிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்தால் அவனுக்கு மறைக்கத்தான் கற்றுக் கொடுத்ததாகும். அக்கா மகனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "அவன் சின்னப் பையன். உனக்கு என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கார்டு எண்ணை எந்தக் கேமிலும், கேம் ஸ்டோரிலும் பதிந்து வைக்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் அக்கவுண்ட் செட்டிங்ஸ் சென்று நீக்கி விடுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு சிறு தொகைக்கான கிப்ட் கார்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். தீர்ந்தால் தீர்ந்தது.

2. உங்கள் வங்கியின் ஆப் அல்லது இணைய தளத்தில், கார்டு மூலம் ஆன்லைனில் செலவிடும் வசதியை நிறுத்தி வைக்கலாம், உச்ச வரம்பும் வைக்கலாம். ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2020 முதல் எல்லா வங்கிகளிலும் இந்த வசதி உண்டு. யுபிஐ பயன்படுத்தினால், ஆட்டோபே பிரிவில் கேம்களுக்கு ஏதேனும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். யுபிஐ பின் எண் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

3. ஆண்ட்ராய்ட் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தட்டி, செட்டிங்ஸ் செல்லுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி அமைத்திடலாம். பணம் செலுத்துதல் பிரிவில் மாத பட்ஜெட் வைக்கும் வசதியும் உண்டு. இது எச்சரிக்குமே தவிர, தடுக்காது. ஐபோனில் ஸ்கிரீன் டைம் பிரிவில் ஆப் உள்ளே வாங்குவதை முழுவதும் தடுத்திடலாம்.

4. விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கு உங்கள் யூசர் அக்கவுண்ட்டையே கொடுக்காமல், குழந்தைகளுக்கான தனி அக்கவுண்ட் அமைத்து மைக்ரோசாப்ட் பேமிலி சேப்டியில் இணையுங்கள். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் அவர்கள் எதையாவது வாங்க முயன்றால் உங்கள் அனுமதி கேட்கும். ஆனால் வேறு நிறுவனங்களின் கேம்களில் நேரடியாகப் பணம் கட்டுவதை இது தடுக்காது. அதற்கு முதல் இரண்டு வழிகள்தான்.

5. தவறுதலாக வாங்கி விட்டால் உடனே செயல்படுங்கள். பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பின் கேம் தயாரித்த நிறுவனத்தை அணுக வேண்டும். வாங்கிய நாணயத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் வாய்ப்பு அதிகம். வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற்றால், கேம் அக்கவுண்ட் முடக்கப்படலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

6. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். விளையாட்டுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும், நாணயத்தில் அல்ல, ரூபாயில் எழுதுங்கள். எனக்கு எந்த சாப்ட்வேரும் செய்யாத உதவியை என் மனைவியின் நோட்டு செய்தது.

7. கடைசியாக, பிள்ளை பணம் செலவழித்துவிட்டான் என்று தெரிந்தால் முதலில் அடிக்காதீர்கள், கேளுங்கள். யார் அவனைக் கிண்டல் செய்தார்கள், எந்த ஆட்டத்தில் அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவன் வாங்கப் போனது வாளை அல்ல, கூட்டத்தில் ஓர் இடத்தை.

இப்போது அந்த கேம் என் கம்ப்யூட்டரில் இல்லை. கில்டைக் கலைப்பதற்கு முன் விலகிப் போனவர்கள் எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மலேசிய நண்பர் பதில் போட்டிருந்தார். சக்திப் புள்ளி பார்த்து அவரைத் தடுத்தவனுக்கு, "அண்ணே, பினாங்கு பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க" என்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகன் ஊருக்கு வந்தால் கடைக்கு வருவான். இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை ஒரு கேபிளால் இணைத்து, ஒரே ஒரு முறை காசு கொடுத்து வாங்கிய போர் வியூக விளையாட்டை ஆடுகிறோம். இரண்டு பேருக்கும் ஒரே மரம், ஒரே கல், ஒரே அளவு தங்கம். சென்ற வாரம் என் கோட்டையை நாற்பது நிமிடத்தில் தரைமட்டமாக்கினான். "என்ன மாமா, துருப்பிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

நன்றாக வேண்டும் எனக்கு!